மேலே ரெகினே, கீழே உயார்னெக்

காங்கெர்லுசுவாக்
2014 ஏப்ரல் 22, செவ்வாய்

உயார்னெக்,

நேற்றுக் காலை எல்லா முகாம்களும் சேர்ந்து பேசும் சாட்டிலைட் போனில் நாம் போட்ட சண்டையை உன் முகாமில் பியர்தேயும், இங்கே கட்டுப்பாட்டு அறையில் ஆறு பேரும், வடக்கு முகாமில் எத்தனை பேரோ தெரியாது, எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இன்று கேன்டீனில் சூப் ஊற்றிய பெண் என்னைப் பார்த்து, "விடுங்க ரெகினே, அதான் பிரிஞ்சாச்சே, இன்னும் ஏன் அந்த மனுஷனோட மல்லுக்கட்டுறீங்க?" என்றாள். ஆகவே இனி போனில் வானிலை மட்டும். மற்றதெல்லாம் கடிதத்தில். சாமான் கொண்டுவரும் தோர்ஹல் தன் விமானத்தில் வாங்கி வந்து கொடுப்பான். அவன் ஐஸ்லாந்துக்காரன், நம் மொழி படிக்கத் தெரியாது. அது ஒரு நிம்மதி.

நேற்று நீ என்னை முடிக்க விடவில்லை. இப்போது முடிக்கிறேன்.

பதினேழாம் தேதி உன் முகாமுக்கு மேலே ஐந்நூறு மீட்டரில் பறந்தோம். நீ கூடாரத்தை விட்டு வெளியே வந்து கைகூட ஆட்டவில்லை, அது போகட்டும். ரேடார் அலை கீழே போய்த் திரும்பியதில் உன் காலடியில் மூன்று கோடுகள் தெரிகின்றன: அறுபது சென்டிமீட்டரில் ஒன்று, நூற்றுப் பதினைந்தில் ஒன்று, நூற்றைம்பதில் ஒன்று. கோடையில் மேல்பனி வெயிலில் இளகி மறுபடி இறுகினால் ஒரு பொருக்கு. ஒரு பொருக்குக்கு ஒரு கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு வருஷம். மூன்று கோடைகள். நீ பனியில் தோண்டிய முதல் குழியின் குறிப்பிலோ அதே ஆழத்துக்கு இரண்டு கோடைகள்தான் இருக்கின்றன. ஒரு முழு வருஷத்தைத் தொலைத்திருக்கிறாய்.

நானூறு கிலோமீட்டர் தூரம் நாங்கள் பறக்கும் கோட்டுக்கு உன் குழிதான் அளவுகோல். அது தப்பானால் வருஷத்துக்கு எவ்வளவு பனி விழுகிறது என்று நாங்கள் சொல்லும் எல்லாமே தப்பு. எங்கள் குழுத் தலைவர் வார்டிடம் குழியில்தான் பிழை என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. நம் மகள் பார்னக்கின் திடப்படுத்தல் சடங்கு மே 25, ஞாயிறு, சிசிமியுத் தேவாலயத்தில். என் அக்கா அமாலியே இப்போதே கேக் பட்டியல் போட்டுவிட்டாள். நீ 23ஆம் தேதி விமானத்தில் இறங்கிவிடுவாய் என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அம்மா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீயும் அப்பாவும் பனியைப் பத்திப் பேசாம இருப்பீங்களா?"

ரெகினே


பனிமேட்டு முகாம்
ஏப்ரல் 26, சனி

ரெகினே,

தோர்ஹல் உன் கடிதத்தைக் கையில் வைத்து எடை பார்த்தான். "உள்ள கல்லு வச்சிருக்காளா?" என்று கேட்டான். ஆமாம், இன்னும் எறியவில்லை என்றேன்.

இங்கே மைனஸ் இருபத்தாறு. காற்று பரவாயில்லை. பியர்தே நேற்றுக் காய்ந்த மீனைப் போட்டு ஒரு பாஸ்தா செய்தாள். டேனிஷ்காரி, ஐம்பத்தைந்து வயது, ஜெனரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவாள். ஆனால் அடுப்பை மட்டும் அவளிடம் விடக்கூடாது. சீட்டாட்டத்தில் ஏமாற்றவும் செய்கிறாள்.

வருஷத்தைத் தொலைத்துவிட்டேன் என்கிறாய். நான் தொலைத்த வருஷங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் குழியில் அல்ல.

நூற்றுப் பதினைந்தில் இருப்பது கோடைப் பொருக்கே கிடையாது. 2012 அக்டோபரில் வானிலைக் கம்பத்தைக் கழற்ற நானும் பியர்தேயும் இங்கே வந்தோம். உனக்குத் தெரிந்திருக்காது; அந்த மாதம் நீ என்னோடு பேசவில்லை. ஒரு நாள் தெற்கிலிருந்து வெதுவெதுவென்று காற்று அடித்து, மதியம் முழுக்க மழை பெய்தது. இந்த உயரத்தில், அக்டோபரில்! சாயங்காலத்துக்குள் பனி முழுக்கக் கண்ணாடி போட்டது போல ஆகிவிட்டது. கழிப்பறைக் கூடாரத்துக்கு நடந்து போன பியர்தே உட்கார்ந்தபடியே வழுக்கித் திரும்பி வந்தாள். நான் சிரித்தேன். அடுத்து நான் போனேன். அவள் சிரித்தாள்.

அந்த ஒரு நாள் மழைதான் உன் ரேடாரில் ஒரு வருஷமாகத் தெரிகிறது. கோடைப் பொருக்குக்கு அடியில் பனி சர்க்கரை போலப் பொலபொலவென்று கொட்டும். இதற்கு மேலேயும் கீழேயும் ஒரே மாவு. விரல் தடிமன், பல் போல வழுவழுப்பு. நீ மேலே இருந்து பார்க்கிறாய். நான் இதை நக்கியே பார்த்தேன்.

வார்டிடம் சொல்லிவிடு. கொஞ்சம் சத்தமாகவே சொல்.

25ஆம் தேதி வருவேன். பனியைப் பற்றிப் பேச மாட்டேன். மழையைப் பற்றிப் பேசலாமா என்று அவளிடம் கேள்.

உயார்னெக்

பி.கு: அன்று நான் கை ஆட்டினேன். குழிக்குள் இருந்து ஆட்டினேன்.


காங்கெர்லுசுவாக்
மே 1, வியாழன்

உயார்னெக்,

சரி.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் முழுக்கச் சொல்லாவிட்டால் நீயே இட்டுக்கட்டி எல்லோரிடமும் பரப்புவாய்.

அக்டோபர் வானிலைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். மழை பெய்திருக்கிறது. நேற்று மாலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "குழி சரி, நான் எண்ணியதுதான் தப்பு. உயார்னெக் சொன்னது சரி" என்றேன். பின்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். விமானிகள் இரண்டு பேர் விசிலே அடித்தார்கள். வார்ட் என் காதருகே குனிந்து, "பதினோரு வருஷமா உன்னோட வேலை செய்றேன், இதை ஒரு தடவையாவது கேட்டுட்டுத்தான் ரிட்டயர் ஆகணும்னு இருந்தேன்" என்றார்.

வெட்கமாகத்தான் இருந்தது. அப்புறம், ஏனென்று தெரியவில்லை, அறைக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

இனி உன் ஐந்து முதல் எட்டு வரையான குழிகள் வேண்டும். திட்டப்படி முகாமிலிருந்து காற்று வருகிற திசையில், கிலோமீட்டருக்கு ஒன்று. முதல் நான்கும் ரேடாரோடு அச்சாகப் பொருந்திவிட்டன. மே 22 அன்று மறுபடி உன் தலைக்கு மேலே பறப்போம். அதுதான் இந்தப் பருவத்தின் முக்கியமான பறப்பு.

திடப்படுத்தலன்று பார்னக் போடும் மணிக்கழுத்துப் பட்டைக்கு அமாலியே சிவப்பு மணி வாங்கியிருக்கிறாள். பார்னக்குக்குப் பச்சை வேண்டுமாம். போனில் இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக அழுதார்கள். இரண்டு பேரிடமும் நீங்கள் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை.

ரெகினே


பனிமேட்டு முகாம்
மே 6, செவ்வாய்

ரெகினே,

ஐந்து முதல் எட்டு வரை முடிந்தது. நோட்டுப் பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்துப் பனி மட்டும், சென்டிமீட்டரில்: 74, 83, 91, 88. ஜிபிஎஸ் பேட்டரி குளிரில் செத்துவிட்டதால் இடக்குறிப்பு எழுத முடியவில்லை. திட்டமிட்ட இடங்கள் என்று வைத்துக்கொள்.

எல்லாம் நலம். பச்சை மணியே நன்றாக இருக்கும்.

உயார்னெக்


காங்கெர்லுசுவாக்
மே 9, வெள்ளி

உயார்னெக்,

இதைத் தனியாக இருக்கும்போது படி. பியர்தே தோளுக்குப் பின்னால் நின்றால் போகச் சொல்.

உன் நோட்டுப் பக்கங்களோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். நீ சொல்லும் இடங்களில் ரேடார் அறுபது காட்டுகிறது. உன் குழிகளில் எண்பது, தொண்ணூறு. போன தடவை நான் அவசரப்பட்டு எண்ணி அவமானப்பட்டதால் இந்தத் தடவை என் பக்கத்தை நான்கு முறை சரிபார்த்தேன். ரேடாரில் பிழை இல்லை.

பிறகு உன் தராசுக் கணக்கைப் பார்த்தேன். அந்தப் பனி முதல் நான்கு குழிகளைவிடக் கனம். காற்று அடித்துக் கொண்டுவந்து திணித்த பனி அப்படித்தான் கனக்கும். அந்த வெளியில் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்க என்ன தடை இருக்கிறது? உங்கள் கூடாரங்களைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. கூடாரத்துக்குப் பின்புறம் காற்று ஒதுங்கும் இடத்தில்தான் இந்த நான்கு குழிகளையும் தோண்டியிருக்கிறாய்.

நேரத்தையும் நீயே எழுதி வைத்திருக்கிறாய். ஐந்தாவது குழிக்கு 8:40க்குக் கிளம்பியிருக்கிறாய், 8:45க்குத் தோண்டத் தொடங்கியிருக்கிறாய். ஐந்து கிலோமீட்டரை ஐந்து நிமிடத்தில், பனி ஸ்கூட்டரில்கூட முடியாது! பொய் சொல்லத் தெரியாத ஆள் நேரம் எழுதக் கூடாது. அப்புறம் அந்த ஜிபிஎஸ் பேட்டரி. அதை நீ தூங்குபைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவாய். பதினான்கு வருஷம் என்னைக் கட்டிக்கொண்டதைவிட அதைத்தான் பத்திரமாகக் கட்டிக்கொண்டு தூங்கினாய். அது குளிரில் சாகாது.

ஆக, உன்னால் நடக்க முடியவில்லை. முழங்கால் என்று நினைக்கிறேன், இடதுகால், கலைமான் வேட்டையில் விழுந்தாயே அதே கால்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வார்டிடம் இல்லை, மருத்துவரிடம் இல்லை, போனில் பியர்தேயிடம்கூட இல்லை. முன்பெல்லாம் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். இந்நேரம் விமானம் உன் கூடார வாசலில் நின்றிருக்கும். உன்னிடம் கடைசியாகத்தான் சொல்லியிருப்பேன். அதற்காக நீ பல நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய். எனக்கு அந்த நாடகம் மறுபடி வேண்டாம்.

செவ்வாயன்று தோர்ஹல் வருகிறான். விமானத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும்?

ரெகினே


பனிமேட்டு முகாம்
மே 12, திங்கள்

ரெகினே,

வானிலை நன்றாக இருந்ததால் தோர்ஹல் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உண்மையை எழுத நேரம் குறைவாக இருப்பதும் நல்லதுதான்.

இடது முழங்கால்தான். ஏப்ரல் 30. பனி ஸ்கூட்டரைத் தள்ளும்போது கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். ரொட்டி போல உப்பியிருக்கிறது. தூங்குபைக்குள் போவதே ஒரு பயணம். பியர்தேயிடம் சுளுக்கு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை, நம்பாததை வெளியே சொல்லவும் இல்லை. அவளோடு எனக்கு ஒத்துப்போவது அதனால்தான்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். எட்டு வருஷமாக இந்தக் கோட்டில் குழி தோண்டுபவன் நான் ஒருவன்தான். நாம் பிரிந்த பிறகு சிசிமியுத்தில் என் வீட்டில் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இங்கே நான் இல்லையென்றால் ஒரு வரிசையே நின்றுபோகும். அதை விட்டு இறங்க மனசு வரவில்லை. அதனால் கூடாரத்துக்குப் பின்னால் தோண்டினேன். தோண்டும்போதே தப்பு என்று தெரியும். எண்களை எழுதும்போது கை கூசியது. நேரத்தை மட்டும் மாற்றி எழுத முடியவில்லை. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று ஒரு பக்கம் பயம். கண்டுபிடிக்க வேண்டுமே என்று இன்னொரு பக்கம்.

அந்த நான்கையும் அடித்துவிடு. வார்டிடம் நானே சொல்கிறேன்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எனக்கு இறங்க வேண்டும். வலிக்கிறது, ரெகினே.

ஆனால் 22ஆம் தேதிக்குள் புதுக் குழிகள் யார் தோண்டுவது? பியர்தே ஜெனரேட்டரையும் ரேடியோவையும் விட்டுப் போக முடியாது. மாற்று ஆள் வரும்வரை நான் இங்கேயே இருக்கிறேன்.

தோர்ஹல் கத்துகிறான்.

உயார்னெக்


பனிமேட்டு முகாம்
மே 17, சனி

உயார்னெக்,

நீ விமானத்தில் ஏறும்போது நான் இறங்கினேன். எதிரெதிரே நின்று பேச அரை நிமிடம் கிடைத்தது. அதில் நீ சொன்னது, "அடுப்பை அவகிட்ட விடாதே." அதற்கு முன் வார்டின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "யார் போறது?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "உனக்குத் தோண்டத் தெரியுமா?" என்றார். பதினான்கு வருஷம் தோண்டுபவனோடு குடித்தனம் நடத்தினேன், எல்லா அறிவுரையும் மனப்பாடம் என்றேன்.

மனப்பாடம் ஒன்றுக்கும் உதவவில்லை. முதல் நாள் இரண்டு மீட்டர் தோண்ட ஆறு மணி நேரம். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மதியம் ஒரு தடவை பனிவாரியைத் தூக்கி எறிந்துவிட்டு உன் பெயரைச் சொல்லித் திட்டினேன். சுற்றிலும் பத்தாயிரம் சதுரக் கிலோமீட்டருக்குக் கேட்க ஆள் இல்லை என்பதால் நன்றாகவே திட்டினேன்.

ஆனால் இதைக் கேள். உன் குறிப்பில் எழுதியிருந்தபடி இரண்டு குழி தோண்டி நடுவில் கையகலச் சுவரை விட்டேன். ஒன்றின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி உள்ளே உட்கார்ந்தேன். அடுத்த குழியிலிருந்து வெயில் அந்தச் சுவர் வழியே வந்தது.

உயார்னெக், பதினோரு வருஷமாக நான் இவற்றைச் சாம்பல் நிறக் கோடுகளாகத்தான் பார்த்திருக்கிறேன். திரையில், காபிக் கறைக்குப் பக்கத்தில். இவை நீலம்! ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு நீலம். கோடைகள் வெளிறியும் குளிர்காலங்கள் அடர்ந்தும், நடுநடுவே காற்று அடித்த நாளெல்லாம் மெல்லிய நரம்பு போலவும். நூற்றுப் பதினைந்தில் உன் அக்டோபர் மழை, கண்ணாடிக் கோடாக. நானும் நக்கிப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். இதை ஏன் நீ ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய், நான்தான் எண்ணை மட்டும் கேட்டிருப்பேன்.

மூன்று குழி முடிந்தது. இன்னும் இரண்டு; உன் நான்குக்குப் பதில் வார்ட் ஐந்து கேட்டிருக்கிறார். காலைத் தூக்கி வைத்துக்கொள். அமாலியே சொல்வதைக் கேள்.

ரெகினே

பி.கு: பியர்தே உண்மையிலேயே ஏமாற்றுகிறாள்.


சிசிமியுத்
மே 19, திங்கள்

ரெகினே,

அமாலியேயின் வீட்டில் சோபாவில் படுத்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே மூன்று தலையணை, மேலே ஒரு பை ஐஸ். ஐஸ்மேட்டிலிருந்து தப்பி வந்தவனுக்கு ஐஸ். மருத்துவமனையில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் வேண்டாமாம், ஆறு வாரம் ஓய்வு.

இங்கே எனக்கு ஒரு மரியாதையும் இல்லை. அமாலியே முன்னால் மணிப் பெட்டியை வைத்து, "சும்மாதானே கிடக்கிறே, கோத்துக் குடு" என்கிறாள். மூன்று நாளாக மணி கோக்கிறேன். சிவப்பும் பச்சையும் ஒன்று விட்டு ஒன்று. அந்தச் சமாதானத்தைச் செய்து வைத்தது நான்தான் என்பதைக் குறித்துக்கொள்.

நேற்று பார்னக் பள்ளியிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா நிஜமாவே குழி தோண்டுதா?"

"தோண்டுது."

"அம்மாவா? வீட்டு வாசல்ல பனி தள்ளச் சொன்னாலே முதுகு வலிக்குதுன்னு சொல்லுமே!"

"எனக்காகத் தோண்டுது."

ஒரு பச்சை மணியை எடுத்து நூலில் கோத்தாள். பிறகு, "அப்போ நீங்க பனியைப் பத்திப் பேசிக்கலாம். அன்னிக்கும் பேசிக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். எழுந்து போகும்போது திரும்பி நின்று, "ஆனா அம்மா வரலைன்னா நான் கோயிலுக்குள்ளயே போக மாட்டேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. தாடையை உன்னைப் போலவே வைத்துக்கொண்டு சொன்னாள்.

வியாழன் ராத்திரியிலிருந்து தெற்கே ஒரு புயல் கிளம்புகிறது என்று வானொலியில் சொல்கிறார்கள். பறப்பு முடிந்ததும் முதல் விமானத்தில் ஏறு.

கைக்கு உள்ளுறை போடு, அதற்கு மேல் தோலுறை. கொப்புளத்தை உடைக்காதே.

உயார்னெக்


பனிமேட்டு முகாம்
மே 24, சனி

உயார்னெக்,

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உன்னிடம் வந்து சேர வழியே இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் பியர்தேயோடு இன்னொரு ஆட்டம் சீட்டு ஆட வேண்டியிருக்கும்.

22ஆம் தேதி காலை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஐந்தாவது குழியில் நின்று கடைசிக் குழாய்ப் பனியைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது விமானச் சத்தம் கேட்டது. வெளியே ஏறி வர நேரம் போதவில்லை. குழிக்குள் இருந்தே கை ஆட்டினேன். இறக்கை ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்து போனது. பதினோரு வருஷம் அந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அது இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலையே காற்று. நேற்று தோர்ஹல் வரவில்லை. இன்றும் வரவில்லை. கூடாரத் துணி பேயாக அடித்துக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானும் பியர்தேயும் மாறி மாறி வெளியே போய்ப் பனியை வாரிவிட்டு வருகிறோம். காலை ரேடியோவில் தோர்ஹல், "ஞாயித்துக்கிழமை விடியக்காலம் ஒரு இடைவெளி தெரியுது, ரெகினே. சின்ன இடைவெளி. ரெடியா இரு" என்றான். மூன்று மணிக்கே பெட்டி கட்டிவிட்டேன். உடை மாற்றக்கூட இல்லை. நல்ல உடையெல்லாம் பெட்டியின் அடியில்.

வர முடியாமல் போனால் பார்னக்கிடம் என்ன சொல்வாய்? நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ நல்லபடியாகச் சொல்வாய். அவளை உள்ளே கூட்டிப் போ. தாடையைப் பார்த்து ஏமாறாதே. அதற்குக் கீழே நடுங்கிக்கொண்டுதான் இருப்பாள்.

ரெகினே


சிசிமியுத்
மே 28, புதன்

ரெகினே,

நீ செவ்வாயன்றே காங்கெர்லுசுவாக் போக வேண்டியிருந்தது. வீடு நிறையக் கூட்டம், கேக், காபி என்று உன்னோடு பத்து வார்த்தை பேச முடியவில்லை. நீ இங்கே விட்டுப்போன கோட்டின் பையில் இருந்த சனிக்கிழமைக் கடிதத்தை இன்றுதான் படித்தேன். ஆகவே ஞாயிறன்று நீ தேவாலயக் கதவைத் திறப்பதற்கு முன் நடந்ததை உனக்கு எழுதுகிறேன். அது உனக்குத் தெரியாது.

காலை ஒன்பதே முக்காலுக்குத் தேவாலய வாசலில் பார்னக் நின்றுவிட்டாள். வெள்ளைத் தோல் காலணி, மணிப்பட்டை, எல்லாம் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். மற்ற ஏழு பிள்ளைகளும் உள்ளே போய்விட்டார்கள். அமாலியே அதட்டினாள். பார்னக் காதில் வாங்கவில்லை. போதகர் மக்தலேனே வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டார். நான் ஊன்றுகோலோடு நின்றுகொண்டு பனி, ரேடார், புயல் என்று எல்லாவற்றையும் உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பார்னக்கிடம் குனிந்தார்.

"பாட்டு எத்தனை சரணம் பாடலாம்னு முடிவு பண்றது யாரு?"

"நீங்க."

"அப்போ உள்ள வா. உன்னைக் கடைசியா நிறுத்துறேன். மீதியை நான் பாத்துக்கிறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். நீ எழுதியது சரி. நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று பாடியது போல அந்தத் தேவாலயத்தில் யாரும் பாடியிருக்க மாட்டார்கள். வழக்கமாக நான்கு சரணம் பாடும் பாட்டுக்குப் பன்னிரண்டு சரணம். பத்தாவதில் ஆர்கன் வாசிப்பவர் திரும்பி மக்தலேனேயை முறைத்தார். அவர் கையை உயர்த்தி இன்னும் என்றார். பின்னால் யாரோ, "என்ன இன்னிக்கு ராத்திரி சாப்பாடும் இங்கதானா?" என்று முனகினார்கள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து அப்படி ஒரு நீண்ட ஜெபம். ஐந்தாவது பையன் எழுந்து போனபோது ஒரு விமானம் தாழ்வாகக் கூரைக்கு மேலே போகும் சத்தம் கேட்டது. இரட்டை எஞ்சின். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். பார்னக்குக்கும் தெரியும். அவள் திரும்பவில்லை, ஆனால் கழுத்து நிமிர்ந்தது, மணியெல்லாம் ஒரு தடவை குலுங்கின.

தோர்ஹல் காங்கெர்லுசுவாக்கில் இறங்காமல் நேராக இங்கே வந்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. "எண்ணெய் போதும்னு தோணிச்சு" என்றானாம்.

எட்டாவதாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் முன்னால் போய் மண்டியிட்டாள். மக்தலேனே ஜெபத்தைத் தொடங்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அதைத் துடைத்து முடித்து மறுபடி துடைத்தார். அப்போதுதான் கதவு திறந்தது.

ஆரஞ்சு நிற முழுவுடுப்பு, அந்தப் பெரிய காலணி, தலைமுடி நட்டுக்கொண்டு. வெயிலில் கருத்துச் சிவந்த முகத்தில் கண்ணாடி போட்ட இடம் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். நீ பதுங்கிப் பதுங்கி வந்ததாக நினைத்திருப்பாய். ஒவ்வொரு அடிக்கும் பலகைத் தரை டம் டம் என்றது. யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பார்னக் மண்டியிட்டபடியே திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நீ பார்த்தாய், நானும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

படம் வந்துவிட்டது. நடுவில் அவள். இரண்டு பக்கமும் வெள்ளை வட்டக் கண்களோடு நாம் இரண்டு பேர். அமாலியே அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, "ரெண்டு ஆந்தைக்கு நடுவுல ஒரு இளவரசி" என்கிறாள்.

நன்றி என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதுகிறேன். நன்றி, ரெகினே.

உயார்னெக்


காங்கெர்லுசுவாக்
ஜூன் 4, புதன்

உயார்னெக்,

முதலில் எண்கள். என் ஐந்து குழிகள்: 60, 59, 61, 58, 62. மே 22 அன்று ரேடார் அதே இடங்களில் காட்டியது: 61, 59, 60, 58, 61. வார்ட் தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு நேராகக் கேன்டீனுக்குப் போய் எல்லோருக்கும் கேக் வாங்கினார். நானூறு கிலோமீட்டர் முழுவதும் இனி நம்பிச் சொல்லலாம்.

உன் நான்கு குழிகளை அடித்ததற்கான காரணத்தை, நீ வார்டுக்கு எழுதிய கடிதத்தில் இருந்தபடியே அறிக்கையில் சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்த ஒருவர்கூட உன்னைக் குறையாகப் பேசவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.

நேற்று முன்தினம் பருவத்தின் கடைசிப் பறப்பு. திரும்பும் வழியில் மறுபடி உன் கோட்டின் மேல் வந்தோம். புயல் என் குழிகளையெல்லாம் தூர்த்து மேலே ஒரு தடமும் இல்லாமல் வழித்துவிட்டிருந்தது. முகாமும் எடுத்தாயிற்று. கீழே வெறும் வெள்ளை. ஆனால் திரையில் ஓரிடத்தில் கோடுகள் கலங்கியிருந்தன, விரலால் தேய்த்தது போல. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. பக்கத்தில் இருந்தவன் குனிந்து பார்த்தான்.

"இது என்ன ரெகினே, அழுக்கு? எடுத்துடட்டுமா?"

எண்ணினேன். ஒன்பது இருந்தன.

"கை வைக்காதே," என்றேன். "அது அழுக்கு இல்ல. முதல் நாலு உயார்னெக் தோண்டினது. அஞ்சு நான் தோண்டினது."

அதை அச்செடுத்துக் கொண்டு வருகிறேன். சனிக்கிழமை மத்தியான விமானம். கலைமான் கறியை இப்போதே வெளியே எடுத்து வைக்கச் சொல். அமாலியே எப்போதும் கடைசி நேரத்தில்தான் எடுப்பாள்.

ரெகினே